பட்டியலில் அடித்தவை

பத்தொன்பது பருவம் நண்டு உடைத்தவள் டார்காஸ் பியர்சி.
இனி ஆலையின் நீராவி
இந்த நுரையீரலுக்கு ஆகாது என்று
மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.
கைப்பையில் இழப்பீட்டுக் காசோலை.
வெளியே நியூஃபவுண்ட்லாந்தின் மார்ச்,
துறைமுகத்தின் வாயில் பனிக்கட்டி வந்து
திணித்துக்கொண்டு நிற்கிறது.

கத்தி செய்யலாம் என்று ஏன் தோன்றியது,
அவளைக் கேட்காதீர்கள்.
ஆலையில் கொடுத்த எந்தக் கத்தியும்
அவள் கைக்குப் பொருந்தியதில்லை.
அவ்வளவுதான்.

மளிகை ரசீதின் முதுகில் பட்டியல் போட்டாள்.
பெல்ட் சாணை இயந்திரம், இரண்டு குதிரைத் திறன்.
பட்டடைக்கல். வாயு உலை. மூன்று வகைக் குறடு.
கூட்டினாள்.
ஓடுகிற நிலையில் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கலாம்.
பென்சிலை நக்கிவிட்டு மறுபடி கூட்டினாள்.
அதே தொகை.

செய்தி அதற்குள் தெரு தாண்டியிருந்தது.
வில்ஃப் டிப்பெட் சறுக்குவண்டியில் வைத்து
ஒரு தண்டவாளத் துண்டை இழுத்து வந்தான்.
தீவில் ரயில் நின்ற வருஷம்
அவன் அப்பா எடுத்து வைத்தது.
“இதைவிட நல்ல பட்டடைக்கல் எங்கே கிடைக்கும்? காசு வேண்டாம்.”
அவள் காய்ச்சி அடிக்கப் போவதில்லை,
தட்டை உருக்கை அறுத்து அராவப் போகிறாள்.
சொன்னால் அவன் முகம் சுருங்கும்.
தேநீர் கொடுத்து அனுப்பினாள்.

அவன் விட்டுப்போன ரம்பத் தகட்டையும் தொடவில்லை.
துருவேறிய ரம்பத்தில் என்ன உருக்கு என்று
அந்த ரம்பத்துக்கே தெரியாது.
பேர் தெரிந்த உருக்கை அஞ்சலில் வரவழைத்தாள்:
ஒரு முழம், பதினெட்டு டாலர்.

சாணை இயந்திரத்தை மட்டும்
அடிக்க மனம் வரவில்லை.
கிளாரன்வில் கடைக்குப் போய்
ஓட்டிக் காட்டச் சொன்னாள்.
கடைப் பையன் கானர் ஓர் இரும்பை வைத்தான்.
பொறி, அழகாகத்தான் இருந்தது.
பொறிக்குப் பின்னால்
பொறியாகாத கறுப்பு மாவு
குழல் விளக்கின் கீழ் மிதந்தது.
அவள் மார்புக்குள் ஒரு கதவு
மெல்லச் சாத்திக்கொண்டது.
பழகிய கதவு.
“மாஸ்க் இருக்கு” என்றான் பையன்.
மாஸ்க்கை வாங்கிக்கொண்டாள்.
இயந்திரத்தை அங்கேயே விட்டாள்.

அரம் வேறு ரகம்.
அராவிய தூள் பறப்பதில்லை.
காலடியில் கொட்டி
ஈரத் துணிக்குக் காத்துக் கிடக்கிறது.
முரட்டு அரம் ஒன்று, நைஸ் அரம் ஒன்று,
அரத்தின் பல்லிடுக்கைச் சுரண்ட ஒரு கம்பி பிரஷ்,
இரும்பறுக்கும் வாள், துளைபோட டிரில்.
வைஸில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.
ஆடுகிற வைஸ் விலைபோன சாட்சி:
எவ்வளவு நேராக அராவினாலும்
கோணல் என்றே சொல்லும்.
மேசையின் ஒரு கால் குட்டை.
விலைப்பட்டியலில் சாணை இயந்திரம் இருந்த பக்கத்தைக் கிழித்து
நான்காக மடித்து அடியில் கொடுத்தாள்.

பிறகு எட்டுத் தீச்செங்கல், ஒரு வாயு டார்ச்,
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம்.
சிவந்த தகட்டைக் காந்தம் மறந்ததும்
இன்னும் இரண்டு மூச்சு எண்ணி,
காற்றுக்கு முதுகு காட்டி,
சூடான கனோலா எண்ணெயில் இறக்கினாள்.
முதல் கத்தி வாழைப்பழமாக வளைந்தது.
அடுத்தது டிங் என்றது. விரிசல்.
மூன்றாவதன்மேல் அரத்தை வைத்தபோது
கண்ணாடிமேல் போல வழுக்கியது.
இரண்டு வாரம் தன்னைக் கடித்த பல்லை
இனி உள்ளே விடாது.
ரொட்டி அடுப்பில் இருமுறை வாட்டி எடுத்தாள்.
வைக்கோல் நிறம்.
அன்றைய ரொட்டியில் லேசாக எண்ணெய் வாடை.

மே மாதம் பனிக்கட்டி விலகியது.
வேலியருகே நின்று வில்ஃப் கேட்டான்,
“பட்டடைக்கல் உதவுதா?”
கடலிலிருந்து காற்று ஏறிக்கொண்டிருந்தது.
கொட்டகைக் கதவு அடித்துக்கொள்ளாமல்
அந்தத் தண்டவாளம்தான்
உள்ளேயிருந்து முட்டுக் கொடுத்து நின்றது.

“அது இல்லாமல் முடியாது” என்றாள் டார்காஸ்.