பத்தொன்பது அடி

முப்பத்திரண்டு அடிப் படகில்
அடுப்பு இருந்தது, மெத்தை இருந்தது,
கழிப்பறைக்குக் கதவுகூட.
ஐவின் அந்தக் கதவையே திறந்து திறந்து காட்டினார்.
நான் திருப்புளியின் கைப்பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனேன்.
டொக். டொக். டொக்.
பாய்மரத்தடியில் மட்டும்
நனைந்த ரொட்டியைத் தட்டியதுபோல் ஓர் ஓசை.
அப்போது அவர் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பெர்கனில் அதற்கு
எப்போதும் ஏதாவது இருக்கும்.

துறையின் கடைசியில், ஒரு டயரில் உரசிக்கொண்டு,
உன்னியின் படகு.
உள்ளே நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
சமையலறை என்பது ஒரு வாளி.
கழிப்பறை என்பதும்
அதே வாளி.

பதினோரு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறேன்,
பதினெட்டு மீட்டர், நடுவில் மடிகிற வண்டி.
நீளத்துக்குப் பயந்தவள் இல்லை.
ஆனால் காற்றுக்கு பிரேக் கிடையாதே.

உன்னி பாயை ஏற்றிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் கரைக்குத் தாவிவிட்டாள்.
படபடவென்று அடித்தது துணி.
கயிற்றை அவிழ்த்தேன்.
முழுதும் சரசரவென்று இறங்கி
என் இரண்டு கைக்குள் விழுந்தது,
தூங்கிப்போன பிள்ளையின் கனத்தில்.
யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

விலை கேட்டேன்.
வாளியும் சேர்த்தா
என்றும் கேட்டேன்.