நான்காவது குழல்

பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு என்பார்கள்.
நான் சொல்ல மாட்டேன்.
கடித்தால் தேய்வது எனாமல்,
தேய்ந்தால் வரவேண்டியது என்னிடம்.
தாடையைத் தளரவிட்டு
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி
ஐந்தே முக்காலுக்குத்
தண்ணீர்மலைச் சாலையில் ஏறுகிறேன்.

பினாங்கில் ஏழு மணிவரை இருட்டுதான்.
இடது காதில் ஒரு பேராசிரியர்.
வலது காது வண்டிகளுக்கு.
உரிமம் புதுப்பிக்க இன்னும்
பதினொரு புள்ளி குறைகிறது.
“நாற்பத்தெட்டு வயசுல ஹோம்வொர்க்காம்மா?”
கபிலன் போர்வைக்குள்ளிருந்து சிரிக்கிறான்.
ஆமாம்டா.
போன வருடம் ஈறு.
அதற்கு முந்தி, குழந்தைகளின் பயம்.
இந்த வருடம் வேர்.

கோயிலைத் தாண்டிப் பூங்கா வாசலில்
குரங்கொன்று பல்லிளிக்கிறது.
கோரைப்பல் சுத்தம், காறை இல்லை,
அத்தனை பேர் அத்தனை பிஸ்கட் போட்டும்.
என்ன செய்ய,
கல்யாண வீட்டிலும் எனக்கு
முதலில் பல், பிறகுதான் பெயர்.

மூன்றாம் கிலோமீட்டர்.
மேல்தாடை முதல் கடைவாய்ப் பல்லில்
மூன்று குழல் என்று எண்ணி நிறுத்தாதீர்கள்,
நான்காவது ஒன்று பெரும்பாலும் உண்டு,
மயிரிழை, சுண்ணம் மூடிய வாய்,
தேடினால்தான் தெரியும் என்கிறார்.

தெரியும்.
பத்து வருடமாய் நுண்ணோக்கி வைத்துத்
தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.
அவர் அடுத்துக் கேட்டதுதான் புதிது:
“தேடத் தெரியாத காலத்தில் பிடுங்கியவற்றை
எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?”

இறக்கத்தில் எண்ணினேன்.
பதினேழில் நின்றது.
எண்ணிக்கை நின்றது, கால் நிற்கவில்லை.
ஒவ்வொரு அட்டையிலும் என் கையெழுத்து:
சிகிச்சை பலனளிக்கவில்லை. பல் அகற்றப்பட்டது.
பலனளிக்காதது சிகிச்சை.
அகற்றப்பட்டது பல்.
வாக்கியத்தில் எங்கும் நான் இல்லை.
இலக்கணம்தான் எவ்வளவு உதவுகிறது.

அடுக்குமாடி வாசலில்
காவல்காரர் கையுயர்த்துகிறார்.
இரண்டு வருடமாய் உயர்த்துகிறார்,
நானும் உயர்த்துகிறேன், போகிறேன்.
இன்று அவர் வாயில் ரொட்டி.
இடது பக்கமே மெல்கிறார்.
கோப்பியில் நனைத்த மெத்தென்ற ரொட்டியைக்கூட
வலது பக்கம் கொண்டுபோவதில்லை.

முகம் மறந்திருந்தது.
எக்ஸ்ரே மறக்கவில்லை.
சட்டையில் பெயரைப் பார்க்கும் முன்பே
சன்னாசி என்றேன்.
மேல் வலது ஆறு.
மூன்று தடவை வந்தார், நான்காம் தடவை
எடுத்துவிடலாம் என்றேன் நான்.

நின்றேன். மூச்சு வாங்கியது.
“உங்க அந்தப் பல்லுல
இன்னொரு வேர்க்குழல் இருந்திருக்கும்.
நான் பார்க்காம விட்டிருப்பேன்.”
“எந்தப் பல்லு?
ஓ, அதுவா.
நீங்க புடுங்குன அன்னிக்குத்தான் டாக்டர்
ஒழுங்காத் தூங்குனேன்.”
கொஞ்சம் யோசித்தார்.
“இருந்திருந்தா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவரும் காத்திருக்கவில்லை.
தகர டப்பாவை நீட்டினார்.
ஒன்று எடுத்து
வலது பக்கம் வைத்துக் கடித்தேன்.
சத்தம் எனக்கே பெரிதாய்க் கேட்டது.

கைக்கடிகாரம் அந்த நான்கு நிமிடத்தை
ஓட்டத்தில் சேர்க்கவில்லை.

வீட்டில், ஈரத் தலையோடு,
பாடத்தின் முடிவில் வந்த பத்துக் கேள்விக்கும்
பதில் குறித்தேன். ஒன்பது சரி.
இரண்டு புள்ளி.
இன்னும் ஒன்பது வேண்டும்.

காலை ஒன்பதரை, புவான் ரொஹானா.
மேல் வலது ஆறு.
விளக்கை இழுத்து, ஆடியைச் சாய்த்து,
ஒன்று, இரண்டு, மூன்று.
குனிகிறேன்.
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
வெளியே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.
மெய் ஹூன் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.
பார்க்கட்டும்.