இடுப்புக்கு என்ன ரேட்

நேதாஜி ரோட்டு இரும்புக்கடையில்
பதினொரு வருசமாகக்
கொட்டேசன் வாங்குவது என் வேலை.
அரையங்குல நட்டுக்குக்
கோயமுத்தூரில் ஒரு விலை, ராஜ்கோட்டில் ஒரு விலை,
லாரி வாடகை உள்ளேயா வெளியேயா,
கேட்டுக் கேட்டுக் குரல் தடித்துப்போனவள்.
அந்தக் குரலில்தான்
டாக்டர் சீட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு
முதல் நம்பரைப் போட்டேன்:
முதுகெலும்பு, கீழ்ப்பகுதி, எம்ஆர்ஐ.
என்ன ரேட்?

அண்ணா நகரில் எட்டாயிரத்து ஐநூறு.
"ஊசி மருந்து போட்டா, போடாமலா மேடம்?"
சீட்டில் அது இல்லை.
பைபாஸ் ரோட்டில் ஏழாயிரத்து இருநூறு,
பிலிம் வேண்டாம், சிடி போதுமென்றால் நானூறு குறையும்.
கே.கே. நகர்க்காரர் விலை சொல்லும் முன்
எந்த டாக்டர் அனுப்பினார் என்று கேட்டார்.
பேரைச் சொன்னேன். ஆறாயிரத்து எண்ணூறு.
சாயங்காலம் வேறு போனிலிருந்து,
யாரும் அனுப்பவில்லை, நாங்களாகத்தான் வருகிறோம் என்றேன்.
ஐயாயிரத்து அறுநூறு.
அந்த ஆயிரத்து இருநூறு
எந்த வாசலில் இறங்குகிறது என்று
இரும்புக்கடைக்காரிக்குத் தெரியாதா?

பெரியாஸ்பத்திரியில்
காப்பீட்டு அட்டைக்கு இலவசம்.
தேதி மட்டும் இருபத்தாறு நாள் தள்ளி.
வீரணன் அப்போது
சுவரைப் பிடித்துப் பிடித்து
கக்கூசுக்குப் போய்க்கொண்டிருந்தான்.
வலது கால் பெருவிரல்
சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது என்றான்,
பேச்சுவார்த்தை விட்டுப்போன பங்காளியைப் பற்றிச்
சொல்வதுபோல.

கீழமாரட் வீதியில் வெங்காயம் இறக்குகிறவன்.
மூட்டைக்குப் பதிமூன்று ரூபாய்.
என் தாளை வாங்கி
குப்புறப் படுத்தபடியே கணக்குப் போட்டான்.
அண்ணா நகர் அறுநூற்று ஐம்பத்து நாலு மூட்டை.
பைபாஸ் ஐநூற்று ஐம்பத்து நாலு.
"இந்த இடுப்பைப் படம் பிடிக்க
இந்த இடுப்பு எத்தனை லாரி இறக்கணும் பாரு."
சிரித்தான்.
சிரித்ததில் எங்கோ இழுத்துக்கொண்டது.
பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

கடைசியில் சிம்மக்கல்லில் ஒன்று அகப்பட்டது.
ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்தால்
நாலாயிரத்து இருநூறு.
மிஷின் அதே மிஷின்தானா என்று கேட்டேன்.
"அதேதாங்க்கா. சும்மா நிக்கிறதுக்கு ஓடட்டுமேன்னு."
செகண்ட் ஷோவுக்கு டிக்கெட் குறைவு,
அவ்வளவுதான்.
இருந்தாலும்
பகல் மிஷினுக்குக் கண் தெளிவாகத் தெரியுமோ என்று
ஆட்டோவில் போகும்வரை
ஒரு அரிப்பு.

பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள்.
இரும்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.
அரைஞாண் தாயத்து, மோதிரம், பெல்ட்டு,
மஞ்சப்பையை நீட்டினான்,
அடியில் மூட்டைக் கொக்கி.
இதை எதற்கு எடுத்துவந்தான் என்று கேட்கவில்லை.
மடியில் வைத்துக்கொண்டேன்.
பிடி தேய்ந்து கண்ணாடி மாதிரி இருந்தது.
புதுசு எங்கள் கடையில் நூற்றுப் பத்து,
பக்கத்துக் கடையில் நூற்று நாற்பது.

கதவுக்கு அந்தப் பக்கம்
தகரத்தில் ஆணி அடிக்கிறார்கள்.
நிறுத்துகிறார்கள்.
கம்பி அறுக்கிறார்கள்.
எங்கள் பின்கட்டில் கேட்கிற அதே சத்தத்துக்கு
இங்கே ஏன் என் கால் நடுங்குகிறது?

பக்கத்து நாற்காலியில் ஒருத்தி,
மேலூர்ப் பக்கமாம்,
மடியில் ஏழெட்டு வயதுப் பையன் தூங்குகிறான்.
விசாரித்துப் போக வந்தவள்
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டாள்.
"ஒங்களுக்கு எவ்வளவு சொன்னாக?"
தாளைக் கொடுத்தேன்.
அடித்தது, திருத்தியது, மூட்டைக் கணக்கு உட்பட
விரல் வைத்து வாசித்தாள்.

"இது இடுப்புக்கா?"
ஆமாம்.
"இவனுக்குத் தலை."

தாளைத் திருப்பினாள்.
பின்பக்கம் காலியாக இருந்தது.
பேனா இருக்கா என்று கேட்டாள்.