ஏழாம் மாதிரி

திருக்கோவில் கடற்கரையில்
காலை எட்டரைக்கே மணல் சுட்டது.
கறுப்பு மணல், கூடச் சுடும்.
செருப்பைக் கழற்றிய புவிராஜ்
கொக்காய் நின்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
இடியப்பப் பொதி இன்னும் வானுக்குள்.

வில்வரெத்தினம் சேர் ஒரு பிடி அள்ளி
உள்ளங்கையில் விரித்து ஊதினார்.
வெள்ளை பறந்தது. கறுப்பு கிடந்தது.
"இல்மனைற். இந்தச் சிவப்பு கார்னெற்.
கண்ணாடித் தூள்போல மின்னுவது சேர்க்கன்.
இனித் தேன் நிறத்தில் ஒன்று கிடக்கும், தேடுங்கள்.
காந்தம் காட்டினால் ஓடி வராது."

மொனசைற்.
அதற்குள் தோரியம்,
அதன் ஓரத்தில் கொஞ்சம் யுரேனியம்,
உலகம் இப்போது விலை பேசும்
அரிய மண் உலோகங்கள், கூட்டுக் குடித்தனமாய்.
மேற்கே மலைப்பாறைக்குள் இருந்ததை
மழை பிய்த்தது,
பட்டிப்பளை ஆறும் பெயரில்லா ஓடைகளும் சுமந்தன,
கடல் சுளகெடுத்துப் புடைத்தது.
பதரைக் கொண்டுபோயிற்று.
பாரமானதை எங்கள் காலடியில் விட்டது.

கரைவலைக் கயிற்றில் நின்றவர் கேட்டார்:
"கொம்பனி ஆக்களா?"
"இல்ல, கம்பஸ்."
"ம்" என்றார். கயிற்றை விடவில்லை,
கண்ணையும் எங்களை விட்டு எடுக்கவில்லை.

கைகர் எண்ணி என் தோளில்.
அலை ஓரத்தில் நெல் பொரிவதுபோல் ஒன்று, இரண்டு.
கறுப்புக் கோட்டில் சட்டியே கவிழ்ந்ததுபோல்.
நான் எழுதினேன், ஷஃபீக்கா பை கட்டினாள்,
மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று,
ஆறு வரைக்கும் எல்லாம் ஒழுங்கு.

தண்ணீர் கேட்டுப் போன வீட்டில்
எண்ணியை நிறுத்த மறந்துவிட்டேன்.
குசினிச் சுவருக்குப் பக்கத்தில்
அது பொரியத் தொடங்கிற்று.

சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு.
பூச்சுக்கு ஆற்று மணல் வரவில்லையாம்.
"கடல் எடுத்த வீட்டுக்குக்
கடல் மண்தானே கிடந்தது" என்றாள் தவமலர்.
மீன் செதில் ஒட்டிய கையால்
பெட்டியைக் காட்டினாள்.
"என்ன புள்ள, சுவர் கதைக்குதா?"

சேர் பிளேன்டீயை வாங்கிக்கொண்டு
மெதுவாய்ச் சொன்னார், கதிர், துகள், இயற்கை,
பூமியில் எல்லா இடத்திலும் உண்டு.
"மறுகா? இடிக்கிறதா?"
"வேண்டாம். அளவுக்குள்ளதான்."
"யாருட அளவு?"

சேர் தேநீரை ஊதினார்.
ஆறிப்போன தேநீரை.

அவள் வாங்குப் பலகையைத் தள்ளினாள்.
சுவரில் பென்சில் கோடுகள்.
கதிர்ஷன், முழங்கால் உயரம்.
கதிர்ஷன், இடுப்பு உயரம், பக்கத்தில் ஒரு தேதி.
மஞ்சள் காமாலை வந்த வருசம்
ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.
கடைசிக் கோட்டுக்கு எங்கள் சேரே அண்ணாந்து பார்த்தார்.
"கட்டாருக்குப் போகமுந்திக் கீறினது.
எனக்குத் தெரிஞ்ச அளவு இதுதான்."

பயம் வைத்தா சொன்னாள்,
பகிடியாகவா, தெரியவில்லை.
பாரை மீனின் செதில் ஒன்று
எண்ணியின் திரையில் ஒட்டிக்கொண்டது.
நான் துடைக்கவில்லை.

தோரியத்தின் பாதி தேய
ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு.
பரீட்சைக்குப் பாடமாக்கிய எண்.
அந்தக் குசினியில் வைத்துப் பார்த்தபோது
எந்தப் பக்கம் பிடிப்பதென்று புரியவில்லை,
பெரிய பலாப்பழத்தைத்
தனியாகத் தூக்கச் சொன்னதுபோல்.

பின்னேரம் வானில் எல்லாரும் தூக்கம்.
தம்பட்டை தாண்டும்போது அட்டவணையை எடுத்தேன்.
மாதிரி ஏழு. இடம்: குடியிருப்பு, உட்சுவர்.
தரையிலிருந்து உயரம்:
என்ற பெட்டிக்குள்
ஒரு மீற்றர் பத்து என்று எழுதி,
வெட்டி,
ஏழு வயது என்று எழுதினேன்.

சேர் சிவப்புப் பேனையால் வளையமிட்டுத் தந்தார்.
"அலகு பிழை."
திருத்தவில்லை.
புள்ளி இரண்டு குறைந்தது.

சப்பாத்துத் தையலுக்குள் இன்னும் அந்த மணல்.
இரவில் விளக்கடியில் உதறினால்
கறுப்பு, கறுப்பு, சிவப்பு,
பிறகு எப்போதாவது
தேன்.