வெற்று எடை

ஆலையின் தராசு மேடையில் எனக்கு வேலை.
குலை ஏற்றி வரும் லோரியை ஒருமுறை நிறுப்பேன்,
கொட்டிவிட்டுத் திரும்புகையில் இன்னொருமுறை.
கழித்தால் வருவதுதான் கணக்கு.
ஒரு லோரியின் சீட்டை இன்னொரு லோரிக்கு
ஒன்பது வருடத்தில் ஒருநாளும் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவள்தான்
விடிகாலை மூன்றரைக்கு
ஐஸ்பெட்டியைத் திறந்துகொண்டு நின்றேன்,
கையில் பாதிப் புட்டி மருந்து.

கவினேசுக்கு எச்சில் விழுங்கினாலே கண் நிறைகிறது.
ராத்திரிச் சோறு தட்டில் அப்படியே.
மைலோகூட வேண்டாமாம்.
தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும்
கொட்டைப்பாக்கு மாதிரி விரலில் தட்டுப்படுகிறது.
சளியில்லை, இருமல் இல்லை,
உடம்பு மட்டும் ஆலைக் கொதிகலன்.

"அதே மருந்துதானே, ஊத்திக் குடு"
என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே.

புட்டியின் ஒட்டுத்தாளில் அவன் அக்காள் பெயர்.
தர்ஷினா. 21 கிலோ.
தேதி, தீபாவளிக்கு முந்தின வாரம்.
காய்ச்சல் இறங்கியதும் நாங்களாகவே நிறுத்திய மிச்சம்
அடியில் இளஞ்சிவப்பாய் உறைந்து கிடந்தது.
மூடியைத் திருகினேன். வாழைப்பழ வாசனை.
திருப்பி மூடினேன்.
சீட்டு வேறு, லோரி வேறு.

காய்ச்சல் மருந்து மட்டும் கொடுத்து
விடிந்ததும் மோட்டாரில் கிளம்பினோம்.
செம்பனை வரிசை முடிந்து
பகாவ் கடைவீதி தொடங்கும்வரை
என் முதுகில் சுட்டுக்கொண்டே வந்தான்.

அரசாங்கக் கிளினிக். ஒரு வெள்ளி. எண் நாற்பத்தொன்று.
மிசி அவனைச் சப்பாத்தோடு நிறுத்தி
பதினாலு புள்ளி ஒன்பது என்று எழுதப் போனார்.
"கழற்றிவிட்டு நிறுங்க மிசி,
சப்பாத்து மருந்து குடிக்காது."
முறைத்தார். கழற்றினார்.
பதினாலு புள்ளி ஆறு.

எங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை,
மூக்கு ஒழுக, இருமி இருமி.
"ஆன்டிபயாட்டிக் இல்லாமலா அனுப்புறீங்க?"
அவன் அப்பா மேசையைத் தட்டினார்.
இது வைரஸ், அந்த மருந்துக்கு அடங்காது,
தண்ணீர் கொடுங்க, தூங்க விடுங்க
என்றார் டாக்டர் ஹஸ்லிண்டா.
அந்த மேசையைப் போன வருடம் தட்டியது நான்.
தலையைக் குனிந்துகொண்டேன்.

கவினேசு வாயைத் திறப்பேனா என்றான்.
டாக்டர் அழுத்தவில்லை.
டார்ச்சை அவன் கையில் கொடுத்துத்
தன் வாயைத் திறந்தார்.
"உள்ள மீன் இருக்கு" என்றான், கரகரத்து.
"உனக்குள்ளயும் இருக்கா, பார்ப்போமே?"

சிவப்பு.
அதன்மேல் அரிசிக் குருணையாய் வெள்ளை.
கழுத்தைத் தடவினார், காதைப் பார்த்தார்,
சட்டையைத் தூக்கித் தடிப்பு இருக்கிறதா என்று தேடினார்.
பிறகு எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்:
ஏழு மில்லி, காலையும் இரவும், பத்து நாள்.
"எச்சில் வழிஞ்சாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ,
தண்ணீரே இறங்கலைன்னாலோ
இங்க வந்து எண் எடுக்காதீங்க,
நேரா பெரிய ஆஸ்பத்திரி."

மருந்தகச் சன்னலில் புதுப் புட்டியை வாங்கிக்கொண்டு
அக்காளின் பழசை உள்ளே தள்ளினேன்.
ஒன்றும் கேட்காமல் வாங்கிப் போட்டார்கள்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நாலாம் நாள்
ஒரு முழு ரொட்டி சானாய் தின்றுவிட்டு
வாசலில் கத்திக்கொண்டு ஓடினான்.
"சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்றார் இவர்.
லோரி இன்னும் மேடையைவிட்டு இறங்கவில்லை என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
கெட்டுப்போன எடைச்சீட்டு ஒன்றின் பின்புறம்
இருபது கட்டம் போட்டுச்
சுவரில் ஒட்டியிருந்தேன்.
ஆறாம் நாள் துப்பினான். ஏழாம் நாள்
கட்டிலுக்கடியில் ஒளிந்தான்; இழுத்துக் கொடுத்தேன்.

இருபதாம் கட்டத்தில் கோடு இழுத்த இரவு
என் கைப்பேசியைப் பிடுங்கி விளக்கைப் போட்டான்.
"அம்மா, ஆ."
வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.
"மீன் இல்ல," என்றான்,
"கொஞ்சம் இட்லி இருக்கு."