பக்கம் எண்பத்துநான்கு

ட்ரோகனில் வண்டி நின்றுவிடுகிறது.
அதற்கப்பால் தண்டவாளம் இல்லை,
மழை மட்டும் மேட்டில் ஏறிப் போகிறது.

சீட்டு பன்னிரண்டு ஃபிராங்க்.
இந்த வீட்டுக்காரரை நான்கு வருடம்
தமிழில் சுமந்தவள் என்றால் குறைப்பார்களா?
கேட்கவில்லை. சில்லறையாக எண்ணிக் கொடுத்தேன்.

ஃப்ராவ் ப்ரைசிக் சாவிக்கொத்தோடு முன்னே நடந்தார்.
மூக்குக்கண்ணாடி. பாதி தீர்ந்த இருமல் மருந்து.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடிச் செருப்பு,
இடது குதிகால் மட்டும் தேய்ந்து.
சாய்ந்து நடப்பவரா நீர்?
அறுநூறு பக்கத்தில் ஓரிடத்திலாவது
சொல்லியிருக்கலாமே, மனுஷா.

நான் வந்தது அடுப்பைப் பார்க்க.

'பனி கொட்டிய அந்த இரவில்
அவன் அடுப்பின் மேல் படுத்துத் தூங்கினான்'
என்று எழுதியிருந்தேன்.
கோவில்பட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது:
அம்மணி, அடுப்பில் பூனை தூங்கினாலே
கஞ்சிக்கு வழியில்லாத வீடு என்போம்.
இங்கே ஆளே தூங்குகிறான்.
அத்தனை பஞ்சமா அந்த தேசத்தில்?

இதோ நிற்கிறது.
பச்சை ஓடு பதித்து, பீரோ உயரத்துக்கு.
ஏற இரண்டு படி, மேலே ஒருவர் காலை நீட்ட இடம்.
சட்டியும் இல்லை, பானையும் இல்லை.
சூடேறிய ஒரு சுவர், அவ்வளவுதான்.
கணப்பு என்று போட்டிருக்க வேண்டும்.
காது மடல் எரிந்தது எனக்கு.

"நெருப்பு வைக்கும் வாய் எங்கே?"

இந்த அறையில் இல்லையாம்.
திரும்பவும் வாசலுக்கே கூட்டிவந்தார்,
சீட்டு விற்கும் மேசைக்கு.
முன்பு அதுதான் சமையலறை.
தபால் அட்டை அடுக்கை அவர் நகர்த்த
சுவரில், முழங்கால் உயரத்தில்,
கரி ஏறிய ஓர் இரும்புக் கதவு.

மனைவி வெரேனா விடியுமுன் இங்கே குனிந்து
விறகு தள்ளுவாளாம். உருளைக்கிழங்கு வேகும்.
அந்தப் பக்கம் அவருக்கு
விரல் விறைக்காமல் வாக்கியம் வரும்.
கையைக் கதவுக்குள் விட்டேன். சாம்பல்கூட இல்லை.
நாற்பது வருடமாக மூட்டுவதில்லை,
காப்பீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள் என்றார்.

கிளம்பும்போது வருகையேட்டில் ஒரு வரி எழுதினேன்.
"எவ்வளவு வட்டமான எழுத்து! பாராட்டா?"
ஆமாம் என்றேன்.

'இரண்டாம் பதிப்பிலும்
அடுப்பு என்றே இருக்கும், வெரேனா.'