குளம் காத்திருந்தது

மார்ச்சில், வேல்ஸ் மலைச்சரிவில்,
மூன்று நாள் குளம் வெட்டினாள் மெரெரிட்.
களிமண். முதுகில் பிடிப்பு.
வங்கியில் மிச்சம் நாற்பது பவுண்டு.

வாழைப்பழப் பெட்டியில் வந்தன ஆறு குஞ்சுகள்.
"அஞ்சு பெட்டை, ஒரு ஆண்" என்றான்
சந்தையில் விற்ற இட்வால்,
பெட்டிக்குள் பார்க்காமலே.

தாயில்லாக் குஞ்சுக்கு இறகில் எண்ணெய் இல்லை,
நனைந்தால் விறைத்துவிடும்.
ஐந்து வாரம் குளியலறையில் எரிந்தது சிவப்பு விளக்கு.
அவள் சமையலறைத் தொட்டியில் தலை குளித்தாள்.
கால் வளையாதிருக்கத் தீவனத்தில் ஈஸ்ட் தூவினாள்.
மூக்கு முங்கத் தண்ணீர் வைத்தாள்,
அரைமணியில் சேறாக்கித் தந்தன.
வெளியே குளம்
மழை குடித்துக்கொண்டு கிடந்தது.

மே மாதம் கதவைத் திறந்தாள்.
ஆறும் கரையில் நின்று பார்த்தன.
கலந்து பேசின.
திரும்பி வந்து
கேக் சுடும் தட்டில்
முறைவைத்துக் குளித்தன.

முட்டைக்கோஸ் பாத்தியில் இப்போது நத்தையே இல்லை.
முட்டைக்கோஸும்தான்.

கோடையில் குரல் உடைந்தது.
கத்துவது பெட்டை;
ஆண் தொண்டை கட்டியவன்போல் கரகரக்கும்.
கத்தியது இரண்டே.
நாலு வால்நுனி மேலே சுருண்டிருந்தது.
இட்வாலின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

செப்டம்பரில், போதும் என்று
குளத்தைத் தூர்க்க மண்வெட்டியோடு போனாள்.
கலங்கல் நீரடியில்
வெளிர்பச்சையாய் ஒன்று.

எப்போது இறங்கினாய், யாரடி நீ?

சட்டைக் கையைச் சுருட்டினாள். எட்டவில்லை.
பூட்ஸைக் கழற்றினாள்.
கரையில் ஆறும்
வரிசையாய் நின்று பார்த்தன.